உள்ளும் புறமும் ஒன்றாக வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் சனிக்கிழமை மாலைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். அரைமணி நேரம் பேசாமல் அமர்ந்திருப்போம், பிறகு பேசுவோம். கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவர்கள், தாதியர், ஓர் ஆசிரியை, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் என்று கலந்த கூட்டம். பேச்சு எங்கே தொடங்கினாலும் நேர்மையாக, முழுமையாக வாழ்வது எப்படி என்ற இடத்துக்கே வந்து சேர்கிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் சாத்திரம் படித்தவன் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலைத்தளங்களில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவன். அதனால் பதில்களில், உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் சாரமும் பலகையும் வரும்.

முழுமை, முழுமை என்கிறீர்களே, குறையே இல்லாத மனிதராக ஆவதா அது?

இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பலர் தொடங்கும் முன்பே சோர்ந்துபோகிறார்கள். மதிப்பெண்ணை வைத்தே வளர்ந்தவர்கள் நாம். முழுமை என்றதும் நூற்றுக்கு நூறு என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

என் பெரியம்மா தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தார். கடும் முன்கோபக்காரர். யாராவது முற்றிய வெண்டைக்காயைக் கையில் எடுத்தால், "அதை வைத்துவிடு, நாளைக்குப் புதுச் சரக்கு வரும், அப்போது வா" என்று எரிந்து விழுவார். வீட்டிலும் அதே குரல். வீரமாகாளியம்மன் சன்னிதியில் நின்று அம்மனிடம் நியாயம் கேட்கும்போதும் அதே குரல்தான். அவரிடம் குறைகள் ஏராளம். ஆனால் எந்த இடத்தில் பார்த்தாலும் பெரியம்மா ஒருவராகவே இருந்தார். அந்த ஒருமையைத்தான் முழுமை என்கிறேன்.

வீட்டில் ஒருவன், வேலையில் வேறொருவன், கோயிலில் மூன்றாமவன், ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது நான்காமவன் என்று வாழ்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இடங்களிலும் நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால் ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதிலேயே அவருடைய பாதி உயிர் போய்விடும்.

நேர்மைக்கும் ஆன்மிகத்துக்கும் என்ன தொடர்பு? கடவுள் நம்பிக்கை இல்லாத நேர்மையாளர்கள் இருக்கிறார்களே.

இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் நான் பாடம் கற்றிருக்கிறேன்.

உண்மை, வாய்மை, மெய்ம்மை என்று தமிழில் மூன்று சொற்கள் இருக்கின்றன. உள்ளத்தில் இருப்பது உண்மை. வாயில் வருவது வாய்மை. மெய்யாகிய உடம்பால் நடத்திக் காட்டுவது மெய்ம்மை என்று பெரியவர்கள் விளக்குவார்கள். ஒரே பொருளுக்கு எதற்கு மூன்று சொற்கள் என்று சிறுவயதில் நினைத்ததுண்டு. மனிதன் பிளவுபடுகிற இடங்கள் எவை என்பதை மொழியே குறித்து வைத்திருக்கிறது என்று இப்போது படுகிறது. நினைப்புக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு விரிசல், பேச்சுக்கும் செயலுக்கும் நடுவில் இன்னொரு விரிசல்.

சென்னைக் கந்தகோட்டத்து முருகனிடம் வள்ளலார் வைத்த வேண்டுதலை இங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள் பாடுகிறார்கள். ஒருமையுடன் இறைவனை நினைக்கிற உத்தமர்களின் உறவு வேண்டும் என்று தொடங்குகிறார். உடனே அடுத்த வரியில், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவர்களின் உறவு வேண்டாம் என்கிறார். தியானத்தில் கூடுகிற ஒருமையும் பேச்சில் இருக்கும் நேர்மையும் அவருக்கு அடுத்தடுத்த வரிகள். அந்த ஒருமையை அவர் தன்னோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. எல்லா உயிரிலும் இருப்பது ஒன்றே என்பதை ஆன்மநேய ஒருமைப்பாடு என்றார். 1867இல் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறிடும் தருமசாலை தொடங்கி அதை அடுப்பில் ஏற்றினார். எதிரில் நிற்பவர் வேறு ஆள் அல்லர் என்ற உணர்வு கொஞ்சம் வந்தாலும் அவரை ஏமாற்றக் கை கூசும். எனக்குத் தெரிந்த தொடர்பு இதுதான்.

இது இந்துக்களுக்கு மட்டுமா?

எங்கள் வட்டத்தில் மூன்று சமயத்தவரும் இருக்கிறார்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகச் சில அடி தூரத்தில் நிற்கின்றன. பள்ளிவாசலில் நிய்யத் என்கிறார்கள்: செயலின் மதிப்பு அதன் பின்னால் உள்ள எண்ணத்தில் இருக்கிறது. ஆஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் எழுந்த லூர்து மாதா ஆலயத்துக்குப் போகிற தோழி ஒருவர், இருமனம் என்ற வேதாகமச் சொல்லைச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்துப்போன சொல் அது.

கோயிலில் மனம் நிறைந்துவிடுகிறது. வெளியே வந்ததும் பழைய ஆளாகிவிடுகிறேன். ஏன்?

இதற்கு என் கதையைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

2012 தைப்பூசம் ஒரு செவ்வாய்க்கிழமை. தைப்பூசம் இங்கே 1968க்குப் பிறகு பொது விடுமுறை இல்லை. விடுப்பு எடுத்துத்தான் போக வேண்டும். அந்த ஆண்டு பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தேன். ஒரு மாதம் விரதம், மரக்கறி உணவு, வெறும் தரையில் தூக்கம். யாரிடமும் கடிந்து ஒரு சொல் பேசவில்லை.

அப்போது நான் வேலை பார்த்த தளத்தில் சாரத்தைப் பார்வையிட்டுக் கையெழுத்திடுவது என் பொறுப்பு. ஏழு நாளுக்கு ஒருமுறையாவது ஏறிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஒரு பகுதிச் சாரத்துக்கு அந்த நாள் செவ்வாயன்று வந்தது. திங்கட்கிழமை மாலையே ஏறிப் பார்த்திருக்கலாம். பூக்கடைக்கும் பால் வாங்கவும் போக வேண்டிய அவசரம். செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டு, எல்லாம் சரி என்று குறித்து, கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்பினேன். முருகனைப் பார்க்கப் போவதற்காகவே ஒரு பொய்யில் கையெழுத்திட்டேன்.

மறுநாள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை குடத்தோடு நடந்தேன். கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீர் பொய் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை காலை அதே சாரத்தில் ஒரு பலகை நழுவி, புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் கீழே விழுந்தார். மூன்று மீட்டர் உயரம். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கோப்பைப் பார்த்தார்கள். தேதி சரியாக இருந்தது, கையெழுத்து இருந்தது. என்னிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

செவ்வாயன்று நான் ஏறியிருந்தால் அந்தப் பலகையின் ஆட்டம் கண்ணில் பட்டிருக்குமா? இன்றுவரை தெரியாது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. சன்னிதியில் நிறைந்தது உண்மையான நிறைவுதான். ஆனால் அதற்குள் வராமல் ஒரு காகிதத்தை வெளியே நிறுத்தி வைத்திருந்தேன். விரதம் வயிற்றுக்கும் நாக்குக்கும் இருந்தது; பேனா பிடித்த கைக்கு இல்லை. எதை வெளியே நிறுத்துகிறோமோ, வாசலில் செருப்பு மாட்டும்போது அதுவே வந்து நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

சிங்கப்பூரில் சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கும்போது தனியாக ஒரு நேர்மை எதற்கு?

லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு இங்கே 1952இலேயே வந்துவிட்டது. ஊழல் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதன் பலனை நாம் நாள்தோறும் அனுபவிக்கிறோம். அலுவலகத்தில் ஒரு காகிதம் நகர யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து வந்த புதிதில் அது எனக்கு ஓர் அதிசயமாகவே இருந்தது.

ஆனாலும் என் கையெழுத்தைச் சட்டம் பிடிக்கவில்லை. இளையவர் செய்த வேலையைக் கூட்டத்தில் தன் வேலையாகச் சொல்லிக்கொள்ளும் மேலாளரையும் அது பிடிக்காது. கோயிலில் அன்னதானத்துக்கு ஆயிரம் வெள்ளி (டாலர்) எழுதிவிட்டு, வீட்டுப் பணிப்பெண்ணுக்கு நேற்றைய சோற்றைத் தள்ளி வைக்கிறவரையும் பல நேரம் பிடிக்காது. மாதத்தில் ஒரு நாளாவது அவருக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும், அதைப் பணமாக ஈடுகட்டக் கூடாது என்று 2023 முதல் விதி இருக்கிறது. அந்த ஓய்வு நாளில் அவர் கிளம்பும்போது வீட்டார் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லாது.

மேலதிகாரி பொய் எழுதச் சொல்கிறார். மறுத்தால் வேலை போய்விடும். என்ன செய்வது?

இதைக் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து என் குரல் மாறும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடும் சேமிப்பும் உள்ள நிரந்தரவாசி கேட்டால், மறுத்துவிடுங்கள் என்பேன். முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் தீராமல், தங்குவிடுதியில் இருந்துகொண்டு, வேலை அனுமதியே முதலாளி கையில் என்ற நிலையில் உள்ள தம்பி கேட்டால், அதே பதிலை அதே வேகத்தில் சொல்ல எனக்கு வாய் வராது. நேர்மைக்கு எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. நாற்காலியில் அமர்ந்துகொண்டு மற்றவரின் விலையை நிர்ணயிக்கக் கூடாது.

எங்கள் வட்டத்துக்கு வந்த ஒருவரிடம், அனுமதியைப் புதுப்பிக்கத் தொழிலாளர்களிடம் ஆளுக்கு இவ்வளவு வெள்ளி வசூலித்துத் தரும்படி முதலாளி சொல்லியிருந்தார். "காப்பிக் காசு" என்று பெயர். வேலை தருவதற்கோ புதுப்பிப்பதற்கோ முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது இங்கே குற்றம். மனிதவள அமைச்சிடம் புகார் செய்யலாம். அவருக்கு அது தெரியும். பயமும் இருந்தது. அன்று மாலை அரைமணி நேரம் எங்களோடு அமைதியாக அமர்ந்தவர், எழுந்தபோது சொன்னார்: "நான் வசூலிக்க மாட்டேன் என்று மட்டும் நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு பார்க்கலாம்." சொன்னார். மூன்று மாதம் கழித்து வேறு நிறுவனத்துக்கு மாறவும் நேர்ந்தது. சம்பளம் குறைவு.

நடைமுறையில் நான் சொல்வது இரண்டுதான். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "எல்லாம் சரி" என்று எழுதாமல், "இந்த இடம் வரை பார்த்தேன்" என்று எழுதுங்கள். அடுத்து, வாய்மொழியாக வந்த உத்தரவை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். "இப்படி எழுதச் சொன்னீர்கள், சரிதானா?" என்று ஒரு குறுஞ்செய்தி போனதும் பாதி உத்தரவுகள் தாமாகவே மறைந்துவிடும். வேறு வழியே இல்லாமல் எழுதிவிட்டால், அதை நியாயப்படுத்தும் கதையை மட்டும் உங்களுக்கே சொல்லிக்கொள்ளாதீர்கள். "பயந்து எழுதினேன்" என்று மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் திறந்தே இருக்கட்டும்.

அம்மாவுக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்லவேண்டாம் என்று குடும்பம் சொல்கிறது. மறைப்பது பொய்யா?

வருத்தமான கேள்வி, எங்கள் வட்டத்தில் மட்டும் நான்கு குடும்பங்களில் வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் குறளை எடுத்துக்கொண்டு வருவார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்பார்.

சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் போட்ட பூட்டைக் கவனியுங்கள். வெறும் நன்மை என்று நிறுத்தவில்லை. "புரைதீர்ந்த நன்மை" என்கிறார். புரை என்றால் குற்றம். அம்மாவுக்கு நன்மை என்று சொல்லும்போது, அவர் அழுவதைப் பார்க்க நமக்குத் தைரியம் இல்லை என்பது அதில் எவ்வளவு கலந்திருக்கிறது? கலந்திருந்தால் புரை தீரவில்லை.

என் மாமியார் விஷயத்தில் நாங்கள் ஐந்து வாரம் மறைத்தோம். அறைக்குள் போகும்போது ஒரு முகம், கதவைச் சாத்தியதும் இன்னொரு முகம். பேரப்பிள்ளைகளுக்கும் அந்த நாடகத்தில் பங்கு கொடுத்தோம். இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் உறுத்துகிறது. ஒருநாள் அவரே என் மனைவியிடம், "நீங்கள் எல்லோரும் என்னிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசுகிறீர்கள்" என்றார். அன்று இரவு சொன்னோம். அழுதார். பிறகு நாகப்பட்டினத்தில் இருந்த தம்பியோடு பேச வேண்டும் என்றார். இருவரும் பதினொரு ஆண்டாகப் பேசிக்கொள்வதில்லை. அந்த அழைப்புக்கு நேரம் இருந்தது.

எல்லாக் குடும்பத்துக்கும் இதே வழி என்று சொல்ல மாட்டேன். சிலர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புவதில்லை. ஆகவே நோயாளியிடமே கேட்டுப் பாருங்கள்: "மருத்துவர் சொல்வதையெல்லாம் உங்களிடம் சொல்லட்டுமா, எங்களிடம் மட்டும் சொல்லட்டுமா?" அவர் வேண்டாம் என்றால் நீங்கள் காப்பது அவருடைய விருப்பத்தை. அதில் பொய் இல்லை.

பிள்ளைகளுக்கு நேர்மையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

தொடக்கநிலை ஒன்றுக்கு, அதாவது முதல் வகுப்புக்குப் பதிவு செய்யும்போதே அந்தப் பாடம் தொடங்கிவிடுகிறது. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் முன்னுரிமை. அதற்காக அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, "யாராவது கேட்டால் நாம் இங்கே இருக்கிறோம் என்று சொல்" என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். பிடிபட்டவர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். பிடிபடாதவர்களின் பிள்ளைக்காகத்தான் நான் அதிகம் வருந்துகிறேன். தன் வீடு எங்கே என்பதையே இரண்டு விதமாகச் சொல்லக் கற்றுக்கொண்டு அது பள்ளிக்குள் போகிறது.

நீங்கள் தவறு செய்ததைப் பிள்ளை முன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

தினமும் என்ன பயிற்சி செய்ய வேண்டும்?

பெரிதாக எதுவும் இல்லை. இரவு பத்து நிமிடம் அமர்ந்து, அன்று உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசிய இடத்தைத் தேடுங்கள். ஒன்று போதும். தண்டனை கொடுக்காதீர்கள், பாருங்கள். அதை மறுநாள் சரிசெய்ய முடியுமானால் செய்யுங்கள். எங்கள் ஓட்டுநர் நண்பர் வேலையில் இருந்த காலத்தில், பணிமனையில் பஸ்ஸை நிறுத்தியபிறகு இருக்கையிலேயே அமர்ந்து இதைச் செய்துவந்தார்.

பெரிய தவறு செய்துவிட்டேன். விரதமும் பரிகாரமும் அதைத் தீர்க்குமா?

தெய்வத்திடம் பட்ட கடன் என்றால் தீர்க்கலாம். மனிதரிடம் பட்ட கடனை அந்த மனிதரிடம்தான் தீர்க்க வேண்டும். ஐப்பசியில் பூக்குழி இறங்குவதாக நேர்ந்துகொண்டு, தங்கையின் நகைப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்த ஒருவரிடம் இதை நேராகச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார்; அடுத்த மாதம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

என் கையெழுத்தைப் பற்றி, நடந்து மூன்று வாரம் கழித்து மேலாளரிடம் சொன்னேன். முடிந்த விஷயத்தை ஏன் கிளறுகிறாய் என்றார். அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன். அதற்குமேல் போக எனக்கு அன்று துணிவு இல்லை, போயிருக்க வேண்டும். அந்த இளைஞர் இழப்பீடு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். ஆறு ஆண்டுகள் ஓடின. இரவுப் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் அவர் வந்தார்.

2018இல் ஊருக்குப் போனபோது விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். லேசாகக் காலைச் சாய்த்து நடந்தார். திண்ணையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: திங்கட்கிழமை, தேதி, பால்குடம். அவர் வெகுநேரம் பேசவில்லை.

பிறகு, "அண்ணா, பலகை ஆடுவது எனக்கு முந்தின நாளே தெரியும்" என்றார். "சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள், எல்லோரும் என்னைத் திட்டுவார்கள் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்."

நான் செவ்வாயோ புதனோ மேலே ஏறி வந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாயா என்று கேட்டேன்.

"ஏறி வந்திருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார்.